வாசனைப் புகையிலை கேட்டு வரும் புதியவரும் நமது கடையும்



மயிலாப்பூரில் மளிகைக் கடை நடத்தி வரும் நம்மிடம் சில மாதங்களுக்கு முன்பு ஒரு மாலை நேரத்தில் வந்த கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். கேட்டவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். அவருடைய அப்பா பல ஆண்டுகளாக நம்மிடம் மாதச் சாமான் வாங்குபவர். "அண்ணாச்சி, ஃப்ரெண்டு ஒருத்தன் வெளிநாட்டுல இருந்து பைப் ஒண்ணு வாங்கிட்டு வந்து கொடுத்தான். புதுசா ஆரம்பிக்கப் போறேன். வெனிலா வாசனை, செர்ரி வாசனைன்னு டப்பா டப்பாவா வருதாமே, முதல்ல எதுல ஆரம்பிச்சா நல்லா இருக்கும்? உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் நம்மகிட்ட இல்லை தம்பி" என்று சொல்லி, அவர் கேட்ட துவரம்பருப்பை நிறுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டோம். ஆனால் அன்று இரவு கடை சாத்தும் வரை அந்தக் கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. சரக்கு நம்மிடம் இல்லாததால் தப்பித்தோம். இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டு வருபவருக்குப் பதில் சொல்வது நமது தொழிலின் பெருமை அல்லவா? பொன்னி அரிசியா இட்லி அரிசியா, பருப்பு எந்த ஊர்ப் பருப்பு, மிளகாய் குண்டா நீட்டா என்று கேட்டால் கால் மணி நேரம் பேசுவோம். பெரிய பெரிய பல்பொருள் அங்காடிகள் வந்த பின்னும் வாடிக்கையாளர் நம்மைத் தேடி வருவது இந்தப் பேச்சுக்காகத்தான். அப்படியிருக்க, இந்த ஒரு சரக்கில் மட்டும் நாம் ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

மூடிக்கொள்ளத்தான் வேண்டும் என்பது நமது கருத்து. அதற்குக் காரணம் உண்டு. ஆனால் முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறோம். புகையிலை நமக்கு அந்நியச் சரக்கு அல்ல.

போர்ச்சுக்கீசியர் வழியாக இந்த நாட்டுக்கு வந்த செடி அது. வந்த சில தலைமுறைகளுக்குள் தமிழர் அதன் மேல் புலவர் பாடும் அளவுக்கு ஆசை கொண்டார்கள். பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்புவதாகச் சீனிச் சர்க்கரைப் புலவர் பாடிய 'புகையிலை விடு தூது' என்ற நூலை உ.வே. சாமிநாதையர் பதிப்பித்திருக்கிறார். யாழ்ப்பாணப் புகையிலை கடல் தாண்டித் திருவிதாங்கூர் வரை விலை போனது. வேதாரண்யத்துச் சரக்கு, திண்டுக்கல் சரக்கு என்று ஊர் பெயர் சொல்லித்தான் வெற்றிலைக் கடையில் கேட்பார்கள். திருச்சி உறையூரில் சுருட்டிய சுருட்டு சீமை வரை போய், 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே இடம் பிடித்துவிட்டது. சாம்பலைப் பார்த்தே 'இது திருச்சிச் சுருட்டு' என்று அந்தத் துப்பறிவாளர் சொல்லிவிடுவார்! நமது மவுண்ட் ரோடு ஸ்பென்சர் நிறுவனமும் திண்டுக்கல்லில் சுருட்டு தயாரித்து விற்றதுதான்.

மூக்குப்பொடியைச் சொல்லவே வேண்டாம். எமது தந்தையார் காலத்தில் எமது கடையிலேயே பொடி உண்டு. புகையிலையை வறுத்து இடித்து, நெய்யும் சுண்ணாம்பும் சேர்த்துப் பதமாக அரைத்த பொடியை வாழை மட்டையில் மடித்துக் கொடுப்பார்கள். மாட வீதிப் பெரியவர்கள் வெள்ளி டப்பியை நீட்டி, "காரம் கொஞ்சம் குறைச்சலா இருக்கட்டும்" என்பார்கள். யாருக்கு எந்தக் காரம், யாருக்கு எவ்வளவு ஈரப் பதம் என்று தந்தையாருக்கு மனப்பாடம். அந்த அறிவைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. அது தொழில் அறிவு. ஆனால் ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். அவரிடம் டப்பி நீட்டியவர்கள் அனைவரும் ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்கள். பொடி போட எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டு வந்த பையன் ஒருவனுக்கும் அவர் பாடம் எடுத்ததாக நினைவில்லை.

இப்போது அந்த இளைஞர் கேட்ட சரக்குக்கு வருவோம். நம் பெரியவர்கள் சுங்கான் என்று சொன்ன பைப்பில் போடும் புகையிலை என்பது ஒரே இலை அல்ல, கலவை. நமது காபிப்பொடி மாதிரிதான். காபியில் பீபரி எவ்வளவு, பிளாண்டேஷன் எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று பார்ப்பது போல, இதிலும் இலைக்கு இலை குணம் வேறு. வெர்ஜீனியா என்பது சூளை வெப்பத்தில் பதப்படுத்திய இலை. நமது பக்கத்து ஆந்திராவில் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் விளைவது இதுதான். 1976இல் தொடங்கப்பட்ட புகையிலை வாரியம் குண்டூரில் இருப்பதும் இதனால்தான். இயற்கையாகவே சர்க்கரை கூடியது. வேகமாக இழுத்தால் நாக்கைச் சுட்டுவிடும். பர்லி என்பது நிழலில் காற்றாட உலர்த்தியது. அதில் சர்க்கரை மிகக் குறைவு. ஆனால் ஊற்றிய வாசனையைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். லட்டாக்கியா என்பது விறகுப் புகையில் காட்டிக் கறுக்க வைத்தது. பழக்கமில்லாதவர் டப்பாவைத் திறந்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கேவண்டிஷ் என்று டப்பாவில் போட்டிருக்குமே, அது இலையின் பெயரே அல்ல. இனிப்பு சேர்த்து, ஆவியில் வேகவிட்டு, அழுத்திப் பதப்படுத்தும் முறையின் பெயர்.

இந்தக் கலவைகளில் வெனிலா, செர்ரி, தேன், ரம் என்று எசென்ஸ் தெளித்து, உலராமல் இருக்க ஈரம் காக்கும் பொருளும் சேர்த்து வருவதைத்தான் 'அரோமாட்டிக்' என்கிறார்கள். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு உலகம் முழுவதும் சொல்லப்படும் அறிவுரை ஒன்றே: "முதலில் அரோமாட்டிக்கில் ஆரம்பியுங்கள், மெதுவாக இழுங்கள், பழகிய பின் கனமான கலவைக்குப் போங்கள்." இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வெனிலா வாசனை பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர் மூக்குக்குத்தான் போய்ச் சேரும். பிடிப்பவர் நாக்கில் டப்பா வாசனையில் பாதி கூட இருக்காது. விற்பவர் இதைச் சொல்லமாட்டார்!

காபிக்கும் நாம் இதே அறிவுரையைத்தானே சொல்கிறோம் என்று நண்பர்கள் கேட்கலாம். "முதலில் சிக்கரி கொஞ்சம் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா, பிறகு சுத்தக் காபிக்கு வரலாம்" என்று நாம் சொல்வதில்லையா? சொல்கிறோம். இரண்டும் ஒன்று போலத் தெரிவதுதான் நமது தொழிலுக்கு ஆபத்து. காபியின் கசப்பைக் குறைத்துக் கொடுத்தால் அவர் குடிப்பது காபி. நாளைக்கு வேண்டாம் என்றால், இரண்டு நாள் தலைவலியோடு விட்டுவிடலாம். புகையிலையில் அப்படியல்ல. முதல் இழுப்பில் வரும் கமறலும் குமட்டலும் உடம்பு சொல்லும் 'வேண்டாம்'. அந்த ஒரு காவலைத் தாண்ட வைப்பதற்குத்தான் வெனிலாவும் செர்ரியும் வருகின்றன. வாசனை இல்லாவிட்டால் பத்துப் பேரில் பலர் முதல் நாளே பைப்பை அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஆகையால், 'ஆரம்பிப்பவருக்கு எது நல்ல வாசனை?' என்ற கேள்விக்கு நாம் சொல்லும் நல்ல பதில், அவரை உள்ளே இழுத்துவிடும் பதில். சரக்கறிவு கூடக்கூட நாம் செய்யும் கெடுதலும் கூடுகிறது. வேறு எந்தச் சரக்கிலும் இப்படி இல்லை.

"பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் கெடுதல் இல்லை" என்று ஒரு பேச்சு உண்டு. நமது நண்பர்கள் சிலரே நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். இது தவறு. பர்லி போன்ற காற்றில் உலர்த்திய இலையின் புகை காரத்தன்மை கூடியது. அதனால் நுரையீரலுக்குப் போகாமலேயே வாயின் உட்தோல் வழியாக நிகோடின் இரத்தத்தில் ஏறிவிடுகிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்கள் பைப் பிடிப்பவர்க்கும் வருகின்றன. இதை அறிய நாம் சீமைக்குப் போக வேண்டியதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் தொடங்கிய புற்றுநோய் நிலையம் நமது அடையாறிலேயே இருக்கிறது. டாக்டர் வி. சாந்தா அவர்கள் 2021 ஜனவரியில் மறையும் வரை அங்கேயே பணியாற்றினார். புகையிலையை விட நினைப்பவர்களுக்கு உதவும் பிரிவும் அங்கே உண்டு. நமது வாடிக்கையாளர் ஒருவருக்குத் துணையாக ஒரு முறை அங்கே போய் வெளி நோயாளிகள் பெஞ்சில் காத்திருந்தோம். வாயைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தோம். நாம் மடித்துக் கொடுத்த வெற்றிலை பாக்குப் பொட்டலங்களின் கணக்கு நினைவுக்கு வந்தது. எமது கடையில் மெல்லும் புகையிலையை நிறுத்தியது அதன் பிறகுதான். சட்டம் சொல்லி நிறுத்தினோம் என்று பெருமை பேச நமக்கு உரிமை இல்லை.

சட்டம் என்று வந்துவிட்டதால் அதையும் பார்த்துவிடுவோம். இதில் நமது வணிகர்களில் பலருக்குத் தெளிவு இல்லை. 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் சிகரெட், பீடிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் அட்டவணையில் சுருட்டு, மூக்குப்பொடி, மெல்லும் புகையிலையோடு பைப் புகையிலையும் பெயர் சொல்லியே இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கக்கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது. 100 கெஜம் என்றால் 300 அடி, மீட்டரில் ஏறத்தாழ 91.

இந்த 300 அடியை நமது வட்டாரத்தில் சற்று அளந்து பாருங்கள். மயிலாப்பூரில் பி.எஸ். பள்ளி, லேடி சிவசாமி பள்ளி, விவேகானந்தா கல்லூரி, சாந்தோம் பக்கம் போனால் செயிண்ட் பீட்ஸ். தியாகராய நகரில் ராமகிருஷ்ணா பள்ளிகள், சாரதா வித்யாலயா. அடையாறில் அவ்வை இல்லப் பள்ளி. இவை பெரியவை. சந்துக்குச் சந்து இருக்கும் நர்சரி பள்ளிகளைக் கணக்கில் சேர்த்தால், மாட வீதி வட்டாரத்தில் புகையிலை விற்கத் தகுதியான கடை எத்தனை மிஞ்சும் என்பது சந்தேகமே. எமது கடையிலிருந்து அருகிலுள்ள பள்ளியின் வாசல் வரை நாமே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலடி வைத்து அளந்தோம். வரம்புக்குள்தான் இருக்கிறோம்! இத்தனை வருடமாகத் தெரியாமலேயே இருந்திருக்கிறோம். இந்தக் குற்றத்துக்கு அபராதம் 200 ரூபாய் வரைதான். தொகை சிறியது என்று சிரிக்கலாம். ஆனால் வாசலில் அதிகாரி நின்று ரசீது எழுதும்போது வரிசையில் நிற்பது நமது மாதாந்திர வாடிக்கையாளர்.

அதைவிடப் பெரிய கண்ணி வேறொன்று இருக்கிறது. வெளிநாட்டு வாசனை டப்பாக்கள் பல வழிகளில் கைமாறி வருகின்றன. 2016 ஏப்ரல் முதல், பொதியின் முகப்பில் 85 விழுக்காடு படத்துடன் கூடிய எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எச்சரிக்கை இல்லாத டப்பாவை விற்றவருக்கு, விற்ற சில்லறைக் கடைக்காரருக்குத்தான், முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை இரண்டாண்டு வரை போகும். டப்பாவைப் பிரித்து 10 கிராம், 20 கிராமாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாலும் எச்சரிக்கை இல்லாமல் விற்றதாகவே ஆகும். இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை அச்சில் இல்லாவிட்டால் எடை அளவுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். ஒரு டப்பாவில் நமக்கு நிற்கும் சில நூறு ரூபாய்க்கு இது தேவையா என்று கல்லாவில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

மொத்த வியாபாரம் செய்யும் நண்பர்கள் இந்த இடத்தில் நம் மேல் வருத்தப்படக்கூடாது. சரக்கை அனுப்புபவர் அவர்கள். மாட்டிக்கொள்பவர் சின்னக் கடைக்காரர். "நாலு டப்பா வைத்துப் பாருங்கள், போகாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம்" என்று விற்பனைப் பிரதிநிதி புதுச் சரக்கை இறக்கிவிட்டுப் போகும் வழக்கம் நமக்குத் தெரியும். பிஸ்கட்டில் அது நல்ல வழக்கம். புகையிலையில் வேண்டாம். இறக்குபவர் பில்லில் இறக்கட்டும், எச்சரிக்கைப் படம் உள்ளதை இறக்கட்டும். பில் தர மறுக்கும் சரக்கு எதற்காக மறுக்கப்படுகிறது என்று சொல்லவும் வேண்டுமா?

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. நமது கூட்டங்களில் கேட்டதையே இங்கே எழுதுகிறோம். "நாம் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வான். நாம் என்ன டாக்டரா, அரசாங்கமா? அரசாங்கமே வரி வாங்கிக்கொண்டு விற்க அனுமதிக்கும் சரக்கு இது." முதல் பகுதி உண்மைதான். பக்கத்துக் கடையில் வாங்குவான். சிகரெட் வாங்க வருபவர் கூடவே ரொட்டி, முட்டை, பால் பாக்கெட் வாங்கிப் போவார் என்பதும் உண்மை. அந்த வருமானம் போனால் சின்னக் கடைக்கு வலிக்கும். எமக்கும் வலித்தது. புகையிலை விற்கும் கடையில் மிட்டாய், பிஸ்கட் போன்றவற்றை விற்காமலிருக்க வழி செய்யுமாறு 2017இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியபோது வணிகர்கள் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. பெட்டிக்கடைக்காரரின் வயிற்றை நினைக்காமல் டில்லியில் உட்கார்ந்து எழுதிய கடிதம் அது என்றே இன்றும் நினைக்கிறோம்.

ஆனால் நாம் கேட்பது அதுவல்ல. முப்பது வருடமாகச் சுருட்டு பிடிக்கும் பெரியவரைக் கடையிலிருந்து விரட்டச் சொல்லவில்லை. வரம்புக்கு வெளியே, எச்சரிக்கைப் படத்தோடு, வயது வந்தவருக்கு விற்பவரைக் குறை சொல்லவும் இல்லை. புதிதாக வருபவருக்கு வாசனை தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலையை மட்டும் செய்யாதீர்கள் என்கிறோம். மூடியைத் திறந்து மோந்து பார்க்கக் கொடுக்காதீர்கள். 'இது லைட், இது ஸ்வீட்' என்று சொல்லாதீர்கள். ஒரு சரக்கைச் சட்டம் விற்க விடுகிறது என்பதற்காக அதன் பக்கம் ஆளைச் சேர்த்துவிடும் வேலையும் நம்முடையதாகிவிடாது. பழக்கமுள்ளவர் தனக்கு வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்பார். அவருக்கு நமது அறிவுரை தேவையில்லை. தேவைப்படுபவர் புதியவர் மட்டுமே. அவருக்குத்தான் அது கிடைக்கக்கூடாது.

அந்த இளைஞர் பிறகும் கடைக்கு வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார். பைப் என்ன ஆயிற்று என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போன மாதம் அவரே, "அண்ணாச்சி, வீட்டுல அப்பாவுக்கு டாக்டர் காபியைக் குறைக்கச் சொல்லிட்டார், சிக்கரி இல்லாம ஸ்ட்ராங்கா ஒரே ஒரு டம்ளருக்கு எந்தப் பொடி நல்லா இருக்கும்?" என்று கேட்டார். அதற்குக் கால் மணி நேரம் பேசினோம். காபி, சிக்கரிக் கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பதும் உறையில் விகிதம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பதும் அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. இதே சட்டம் தெரியாமல் இன்னும் 'ஸ்பெஷல் காபிப்பொடி' என்று மட்டும் எழுதி விற்கும் நண்பர்கள் நம்மிலும் உண்டு. அதைப் பற்றி இன்னொரு இதழில் எழுதுகிறோம்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். புகையிலை விற்கும் கடைகள், 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்பது தண்டனைக்குரிய குற்றம் என்ற பலகையைக் குறைந்தது 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் வைக்க வேண்டும். வெளிக் கடையில் எழுதக் கொடுத்தால் செலவும் ஆகிறது, வாசகமும் தப்பாகிறது. சங்கமே தமிழில் சரியான வாசகத்தோடு மொத்தமாக அச்சிட்டு, புகையிலையை விட்டுவிட நினைப்பவர்களுக்கான இலவசத் தொலைபேசி எண் 1800 11 2356ஐயும் கீழே சேர்த்து, அடக்க விலைக்கு உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம். எமது கடைக்கு ஒன்று எடுத்து வைக்கவும். புகையிலை நம்மிடம் இல்லாவிட்டாலும் கேட்டு வருபவர் பார்க்கட்டும்.